"இந்த வயசுல அப்படித்தான்" என்று விட்டுவிடலாமா?

(மகளிர் சுய உதவிக் குழு உறுப்பினர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)

பின்வரிசையில் மூன்று நான்கு ஆண்களும் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுக்கு ஸ்பெஷல் வணக்கம். இன்றைக்குப் பேசப்போவது நீங்களும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம்தான். பாதியில் எழுந்து போய்விடாதீர்கள்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் டாக்டர் இல்லை. தகவல் துறையில் எழுதுகிற வேலை. கர்ப்பிணிகளுக்கு என்ன சத்து மாத்திரை, குழந்தைக்கு எந்த மாதத்தில் எந்தத் தடுப்பூசி, பள்ளி மாணவிகளுக்கு நாப்கின் எங்கே கிடைக்கும் என்றெல்லாம் நிறைய எழுதுகிறோம். நீங்களும் படித்துவிட்டு நாலு பேருக்கு ஷேர் செய்கிறீர்கள். ஆனால் பிள்ளை பெற்று, வளர்த்து, ஆளாக்கி, 45 வயதைத் தொடும் பெண்ணுக்கு அதற்குப் பிறகு உடம்பில் என்ன நடக்கும் என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "இந்த வயசுல எல்லாருக்கும் அப்படித்தான்."

அம்மா சொல்வார், பக்கத்து வீட்டு அக்கா சொல்வார், சில நேரம் மருந்துக் கடைக்காரரும் சொல்வார். இந்த ஒரு வாக்கியத்தைத்தான் இன்றைக்கு எடுத்துப் பார்க்கப் போகிறோம். சில விஷயங்களுக்கு அது சரி. சில விஷயங்களுக்குப் பாதிதான் சரி. ஒரே ஒரு விஷயத்துக்கு அந்த வாக்கியமே உயிருக்கு ஆபத்து.

உடம்பில் என்ன நடக்கிறது?

பெண்ணின் அடிவயிற்றில் கருப்பைக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு சினைப்பை இருக்கிறது. ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்ட்ரோன் என்ற இரண்டு முக்கியமான ஹார்மோன்களைச் சுரப்பது இந்தச் சினைப்பைகள்தான். மாதவிடாய் வருவது இவற்றால்தான். ஈஸ்ட்ரோஜனின் வேலை அதோடு முடிவதில்லை. எலும்பு, ரத்தக் குழாய், தோல், சிறுநீர்ப் பாதை, தூக்கம், மனநிலை என்று பல இடங்களில் அதற்குப் பங்கு உண்டு.

நாற்பதுகளில் சினைப்பையின் வேலை குறையத் தொடங்குகிறது. குழாயை மூடினால் தண்ணீர் நிற்பது போல ஹார்மோன் ஒரே நாளில் நிற்காது. ஒரு மாதம் அதிகம், மறு மாதம் குறைவு என்று ஏறி இறங்கும். அதனால்தான் மாதவிடாய் ஒழுங்கு தவறுகிறது. 20 நாளில் வரும், பிறகு இரண்டு மாதம் வராது. ஒரு மாதம் லேசாக இருக்கும், அடுத்த மாதம் கொட்டித் தீர்க்கும். இந்த மாறுதல் காலம் பொதுவாகச் சில ஆண்டுகள் நீடிக்கும்.

தொடர்ந்து 12 மாதம் மாதவிடாய் வரவில்லை என்றால்தான் 'மெனோபாஸ்', அதாவது மாதவிடாய் நின்றுவிட்டது என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். ஆறு மாதம் வராமல் ஏழாவது மாதம் வந்தால், திரும்பவும் ஒன்றிலிருந்து எண்ண வேண்டும். உலக அளவில் பெரும்பாலான பெண்களுக்கு 45 முதல் 55 வயதுக்குள் இது நடக்கிறது. இந்தியப் பெண்களுக்குச் சராசரியாக 46, 47 வயதிலேயே வந்துவிடுகிறது. 40 வயதுக்கு முன்பே நின்றுவிட்டால் அது இயல்பான வயது கிடையாது. அவசியம் மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஏனென்றால் எலும்புக்கும் இதயத்துக்கும் கிடைத்துவந்த பாதுகாப்பு பல ஆண்டுகள் முன்கூட்டியே போய்விடுகிறது.

இன்னொரு சின்ன விஷயம். மாதவிடாய் ஒழுங்கு தவறிவிட்டது என்பதற்காக இனிக் கர்ப்பமே தரிக்காது என்று நினைக்க வேண்டாம். 50 வயதுக்கு மேல் என்றால் கடைசி மாதவிடாயிலிருந்து ஒரு வருடமும், 50-க்குள் என்றால் இரண்டு வருடமும் கருத்தடை முறையைத் தொடர வேண்டும்.

எவையெல்லாம் அறிகுறிகள்?

நிறையப் பேர் சொல்வது இதுதான்: "சும்மா உக்காந்திருப்பேன், திடீர்னு நெஞ்சுலேர்ந்து முகம் வரைக்கும் குப்புன்னு சூடேறும், வேர்த்துக் கொட்டும், கொஞ்ச நேரத்துல குளிரும்." இதுதான் 'ஹாட் ஃபிளாஷ்'. நம் ஊர் வெயிலில் இதைக் கண்டுபிடிப்பதே கஷ்டம். ஃபேன் ஓடிக்கொண்டிருக்கும்போது, வீட்டில் மற்ற எல்லாரும் சாதாரணமாக இருக்கும்போது, உங்களுக்கு மட்டும் வேர்த்துக் கொட்டினால் அது வெயில் இல்லை. இரவில் தலையணை நனையும் அளவுக்கு வேர்த்து, தூக்கம் கலைந்து எழுவதும் இதே வகைதான்.

தூக்கம் கெட்டால் மறுநாள் எல்லாமே கெடும். சின்ன விஷயத்துக்கும் எரிச்சல், காரணமில்லாத அழுகை, வைத்த பொருள் மறந்துபோவது, பேசிக்கொண்டிருக்கும்போதே வார்த்தை வராமல் தடுமாறுவது. "அம்மாவுக்கு இப்பல்லாம் எதுக்கெடுத்தாலும் கோவம் வருது" என்று வீட்டில் சொல்வார்கள். மூன்று மாதமாகச் சேர்ந்தாற்போல நான்கு மணி நேரம் தூங்காத யாருக்குத்தான் கோபம் வராது?

அடுத்து, வெளியில் சொல்லக் கூச்சப்படுகிற அறிகுறிகள். பிறப்புறுப்பில் வறட்சி, எரிச்சல், தாம்பத்தியத்தில் வலி, அடிக்கடி சிறுநீர்த் தொற்று, இருமினாலோ தும்மினாலோ சிறுநீர் கசிவது. வேர்ப்பதும் சூடேறுவதும் பல பேருக்குக் காலப்போக்கில் தணிந்துவிடும். ஆனால் இந்த வறட்சி பெரும்பாலும் தானாகச் சரியாகாது, போகப் போக அதிகமாகும். கூச்சப்பட்டுச் சொல்லாமல் விடுவதால் அதிகம் நஷ்டப்படுவது இதில்தான். ஏனென்றால் இதற்குச் சிகிச்சை ரொம்ப எளிது.

"எவ்வளவு நாள் இருக்கும்?" என்று கேட்பீர்கள். அமெரிக்காவில் 1,400-க்கும் மேற்பட்ட பெண்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, 2015-இல் ஓர் ஆய்வு வெளியானது. அடிக்கடி ஹாட் ஃபிளாஷ் வந்தவர்களில் பாதிப் பேருக்கு அது 7 ஆண்டுகளுக்கும் மேல் நீடித்திருக்கிறது. ஏழு வருடம் சரியாகத் தூங்காமல் இருக்கலாமா? "பல்லைக் கடிச்சுக்கிட்டு பொறுத்துக்கோ" என்று சொல்வதற்கு முன்னால் இந்த எண்ணை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆக, இந்த வயதில் இந்த மாற்றங்கள் வருவது இயல்பு. அதுவரைக்கும் "அப்படித்தான்" என்பது சரி. அதனால் பொறுத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பது சரியில்லை.

எல்லாவற்றையும் ஹார்மோன் தலையில் போடக் கூடாது

இங்கேதான் அந்த வாக்கியம் பாதி சரி, பாதி தப்பு.

படபடப்பு, வியர்வை, எடை மாறுதல், சோர்வு, மாதவிடாய் ஒழுங்கின்மை எல்லாம் தைராய்டு கோளாறிலும் வரும். இந்த வயதுப் பெண்களிடம் தைராய்டு பிரச்சினை நிறையவே இருக்கிறது. டி.எஸ்.ஹெச். என்ற ஒரு ரத்தப் பரிசோதனையில் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, தலை சுற்றுகிறது என்றால் ரத்தசோகையாக இருக்கலாம். மாறுதல் காலத்தில் அதிக ரத்தப்போக்கு இருப்பவர்களுக்கு ஹீமோகுளோபின் சத்தமில்லாமல் இறங்கிக்கொண்டே போகும். சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுபவர்களுக்குத் திடீரென்று வேர்த்து, கை நடுங்கினால் சர்க்கரை அளவு தாழ்ந்திருக்கலாம். நெஞ்சு அழுத்தம், தாடை அல்லது இடது கை வலி, அதோடு வியர்வை என்றால் யோசிக்கவே வேண்டாம், 108-க்குப் போன் செய்யுங்கள். மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கும் இதய நோய் ஆபத்து கூடுகிறது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. 45 வயதுக்கு மேல், வழக்கமான அறிகுறிகள் இருக்கிறவருக்கு மெனோபாஸைக் கண்டுபிடிக்க ஹார்மோன் டெஸ்ட் பெரும்பாலும் தேவையில்லை. மாறுதல் காலத்தில் ஹார்மோன் ஏறி இறங்குவதால் இன்று ஒரு அளவு வரும், அடுத்த வாரம் வேறு அளவு வரும். ஆயிரக்கணக்கில் கொடுத்து 'முழு ஹார்மோன் பேக்கேஜ்' எடுப்பதற்கு முன், அது எதற்கு என்று மருத்துவரிடம் கேளுங்கள். வயதும், அறிகுறியும், மாதவிடாய்த் தேதிகளுமே பாதி விடையைச் சொல்லிவிடும்.

ஆபத்தான இடம் இதுதான்

இப்போது எல்லாரும் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

மாதவிடாய் நின்று ஒரு வருடத்துக்கு மேல் ஆன பிறகு ரத்தம் பட்டால், அது மாதவிடாய் இல்லை. ஒரு சொட்டாக இருந்தாலும் சரி, ஒரே ஒரு நாள் பட்டுவிட்டு நின்றுபோனாலும் சரி, வலியே இல்லாவிட்டாலும் சரி, வெள்ளைப்படுதலில் லேசாகச் சிவப்பு கலந்திருந்தாலும் சரி, மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும்.

ஒரு உதாரணம் வைத்துக்கொள்வோம். 56 வயது அம்மா. நின்று ஐந்து வருடம் ஆகிவிட்டது. ஒரு நாள் லேசாகத் துணியில் படுகிறது. "சூடு புடிச்சிருக்கும்" என்று நினைத்து இளநீரும் மோரும் குடிக்கிறார். நின்றுவிடுகிறது. நான்கு மாதம் கழித்துத் திரும்பப் படுகிறது. பேத்திக்குக் காதுகுத்து முடியட்டும் என்று தள்ளிப்போடுகிறார். மகளிடம் சொல்லவே வெட்கம். இப்படியே ஒரு வருடம் ஓடிவிடுகிறது. இந்த ஒரு வருடம்தான் சிகிச்சையில் பெரிய வித்தியாசத்தை உண்டாக்குகிற வருடம்.

இரண்டு எண்கள் சொல்கிறேன். மாதவிடாய் நின்ற பிறகு ரத்தம் பட்டு மருத்துவரிடம் வருகிறவர்களில் 100-க்குச் சுமார் 90 பேருக்கு கருப்பையில் புற்றுநோய் இருப்பதில்லை. வறட்சியால் ஏற்பட்ட புண், சின்னச் சதை வளர்ச்சி போன்ற எளிய காரணமாகத்தான் இருக்கும். அதனால் பயப்பட வேண்டாம். ஆனால் மாதவிடாய் நின்ற பிறகு கருப்பை உட்சுவரில் புற்றுநோய் வந்த பெண்களை எடுத்துப் பார்த்தால், அவர்களில் 100-க்குச் சுமார் 90 பேருக்கு இந்த ரத்தப்போக்கு இருந்திருக்கிறது. அதாவது, நோய் முன்கூட்டியே மணி அடிக்கிறது. அந்தச் சத்தம் கேட்டதும் போனால் பெரும்பாலும் ஆரம்ப நிலையிலேயே பிடித்துவிடலாம்.

போனால் என்ன செய்வார்கள்? உள்பரிசோதனை, கருப்பை உட்சுவரின் தடிமனைப் பார்க்க ஒரு ஸ்கேன், தேவைப்பட்டால் உட்சுவரிலிருந்து துளியளவு சதை எடுத்துப் பரிசோதனை. அவ்வளவுதான்.

இன்னும் மாதவிடாய் நிற்காதவர்கள் கவனிக்க வேண்டியவை: 7 நாளுக்கு மேல் நிற்காத ரத்தப்போக்கு, ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை நாப்கின் மாற்றும் நிலை, பெரிய பெரிய கட்டியாகப் போவது, 21 நாளுக்குள் திரும்பத் திரும்ப வருவது, இரண்டு மாதவிடாய்க்கு நடுவில் அல்லது தாம்பத்தியத்துக்குப் பிறகு ரத்தம் படுவது. இவற்றில் எதுவும் "நிக்கப் போகுது, அதான் இப்படி" என்று விடக்கூடியது இல்லை.

என்ன சிகிச்சை இருக்கிறது?

லேசான தொந்தரவு என்றால் பழக்கத்தை மாற்றினாலே ஓரளவு சமாளிக்கலாம். பருத்தி உடை, இரவில் காற்றோட்டமான இடத்தில் தூக்கம், மாலைக்கு மேல் காபி டீயைக் குறைப்பது, அதிகக் காரம் சாப்பிட்டால் சூடேறுகிறதா என்று கவனிப்பது. வாரத்துக்கு 150 நிமிடம் வேக நடை. அதோடு இரண்டு நாளாவது தசைக்கு வேலை கொடுக்கும் பயிற்சி. நாற்காலியில் கை ஊன்றாமல் உட்கார்ந்து எழுவதே நல்ல தொடக்கம்.

எலும்பு விஷயத்தை மறக்காதீர்கள். மாதவிடாய் நின்ற முதல் சில ஆண்டுகளில்தான் எலும்பு வேகமாகத் தேய்கிறது. மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 1,200 மில்லிகிராம் கால்சியம் தேவை என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் பரிந்துரைத்திருக்கிறது. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. கேழ்வரகுக் கூழ், களி, அடை எதுவாக இருந்தாலும் சரி. பால், தயிர், எள்ளு, முருங்கைக்கீரை, முள்ளோடு சாப்பிடும் நெத்திலி எல்லாமே நல்லது. கால்சியம் உடம்பில் சேர வைட்டமின் டி வேண்டும், அதற்கு வெயில் வேண்டும். தைராய்டு மாத்திரை சாப்பிடுபவர்கள் கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளை அதோடு சேர்த்துப் போடக் கூடாது. நான்கு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். இல்லையென்றால் தைராய்டு மாத்திரை சரியாக வேலை செய்யாது.

அன்றாட வேலையையும் தூக்கத்தையும் கெடுக்கும் அளவுக்குத் தொந்தரவு இருந்தால் ஹார்மோன் சிகிச்சை இருக்கிறது. சூடேறுவதையும் வேர்ப்பதையும் குறைப்பதில் இதைவிடப் பலன் தரும் மருந்து இல்லை. "அய்யோ, ஹார்மோன் மாத்திரையா? கேன்சர் வந்துடுமே" என்று உடனே பயம் வரும். அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று சொல்கிறேன்.

2002-இல் அமெரிக்காவில் 16,608 பெண்களிடம் நடந்த ஒரு பெரிய ஆய்வு பாதியில் நிறுத்தப்பட்டது. இரண்டு ஹார்மோனும் சேர்ந்த மாத்திரையைச் சாப்பிட்டவர்களிடம் மார்பகப் புற்றுநோயும், மாரடைப்பு, பக்கவாதம் போன்றவையும் கூடுதலாகக் காணப்பட்டன. உலகமெங்கும் பெண்கள் மாத்திரையை நிறுத்தினார்கள். ஆனால் அந்த ஆய்வில் இருந்தவர்களின் சராசரி வயது 63. மார்பகப் புற்றுநோயில் கூடுதல் என்பது 10,000 பெண்களுக்கு வருடத்துக்கு 8 பேர். பிறகு வயதுவாரியாகப் பிரித்துப் பார்த்தபோது, 60 வயதுக்குள் இருப்பவர்கள், அல்லது மாதவிடாய் நின்று 10 ஆண்டுக்குள் சிகிச்சையைத் தொடங்குபவர்கள், வேறு தடை இல்லாதவர்கள் என்றால் பெரும்பாலும் ஆபத்தைவிட நன்மையே அதிகம் என்று தெரிந்தது. இன்றைக்கு மருத்துவ அமைப்புகளின் வழிகாட்டுதலும் அதுதான்.

எல்லாருக்கும் இது பொருந்தாது. மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள், ரத்தக்கட்டி, பக்கவாதம், மாரடைப்பு வந்தவர்கள், கல்லீரல் நோய் உள்ளவர்கள், காரணம் தெரியாத ரத்தப்போக்கு இருப்பவர்களுக்குப் பொதுவாகக் கொடுக்க மாட்டார்கள். கருப்பை இருக்கிறவருக்கு ஈஸ்ட்ரோஜனை மட்டும் தனியாகக் கொடுத்தால் கருப்பை உட்சுவர் தடித்துவிடும். அதனால் புரோஜெஸ்ட்ரோனும் சேர்த்துத்தான் கொடுப்பார்கள். ஆகவே பக்கத்து வீட்டு அக்காவின் சீட்டைக் காட்டி மருந்துக் கடையில் வாங்கிச் சாப்பிடுகிற விஷயம் இது இல்லவே இல்லை. மருத்துவர் பார்த்து, அளவு சொல்லி, வருடத்துக்கு ஒரு முறை மறுபடி பார்த்துத் தொடர வேண்டியது.

ஹார்மோன் வேண்டாம் என்பவர்களுக்கும் வழி உண்டு. மன அழுத்தத்துக்குக் கொடுக்கும் சில மாத்திரைகளே குறைந்த அளவில் ஹாட் ஃபிளாஷைக் குறைக்கும். டாக்டர் அதை எழுதிக் கொடுத்தால் "எனக்கு மனநோயா?" என்று பதற வேண்டாம். மார்பகப் புற்றுநோய்க்கு மாத்திரை சாப்பிடுபவர்கள் அதை மறக்காமல் சொல்லிவிடுங்கள், சில மாத்திரைகள் ஒன்றோடு ஒன்று ஒத்துப்போகாது. வறட்சிக்கு, அந்த இடத்தில் மட்டும் தடவும் ஈஸ்ட்ரோஜன் கிரீம் இருக்கிறது. மிகக் குறைந்த அளவு மருந்துதான், நல்ல நிவாரணம்.

போனில் விளம்பரம் வரும்: "7 நாளில் ஹார்மோன் பேலன்ஸ், 100 சதவீதம் இயற்கை." பவுடர் டப்பா 1,500 ரூபாய். அதில் என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்று தெரியாமல் வாங்கிச் சாப்பிட வேண்டாம். ஏற்கெனவே சுகர், பிபி மாத்திரை எடுப்பவர்கள் இன்னும் எச்சரிக்கையாக இருங்கள்.

"கர்ப்பப்பையை எடுத்துட்டா நிம்மதி" – நிஜமா?

15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் 100-க்குச் சுமார் 3 பேருக்குக் கருப்பை அகற்றப்பட்டிருக்கிறது என்று 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பு சொல்கிறது. பெரிய கட்டி, புற்றுநோய் போன்ற காரணங்களுக்கு அறுவை சிகிச்சை அவசியம்தான். ஆனால் ரத்தப்போக்குக்கு மாத்திரை, கருப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் சாதனம் என்று வேறு வழிகளும் உண்டு. கருப்பையோடு சினைப்பைகளையும் எடுத்துவிட்டால், ஆண்டுக்கணக்கில் மெதுவாக நடக்க வேண்டிய மாற்றம் ஒரே வாரத்தில் நடந்துவிடும். 38 வயதுப் பெண்ணுக்கு அது சாதாரண விஷயம் இல்லை.

தேவையில்லாமல் கருப்பை அகற்றுவதைத் தடுக்க மத்திய சுகாதார அமைச்சகம் 2022-இல் வழிகாட்டு நெறிமுறைகள் வெளியிட்டது. அவற்றை எல்லா மாநிலங்களும் நடைமுறைப்படுத்த வேண்டும் என்று 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. யாராவது "எடுத்துடலாம்மா" என்று சொன்னால் மூன்று கேள்வி கேளுங்கள்: எதற்காக எடுக்க வேண்டும்? வேறு சிகிச்சை செய்து பார்க்கலாமா? சினைப்பையையும் எடுக்கப் போகிறீர்களா? அவசர நிலை இல்லையென்றால், அரசு மருத்துவமனையில் இன்னொரு மருத்துவரின் கருத்தையும் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். அது உங்கள் உரிமை.

எங்கே போவது, என்ன சொல்வது?

முதலில் உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையம். நகரமென்றால் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம். ரத்த அழுத்தம், சர்க்கரை, ஹீமோகுளோபின் பார்த்துவிடலாம். 30 வயதைத் தாண்டிய பெண்களுக்குக் கருப்பை வாய், மார்பகப் புற்றுநோய்க்கான முதல்நிலைப் பரிசோதனை இலவசம். தேவைப்பட்டால் தாலுகா மருத்துவமனை, மாவட்டத் தலைமை மருத்துவமனை, மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மகப்பேறு மற்றும் மகளிர் மருத்துவப் பிரிவுக்கு அனுப்புவார்கள். அந்தப் பிரிவின் பெயரில் 'மகப்பேறு' என்று இருப்பதைப் பார்த்து, "அது புள்ளத்தாச்சிங்க போற இடம், எனக்கென்ன அங்க?" என்று நினைக்காதீர்கள். அது உங்களுக்கும் சேர்த்துத்தான்.

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீட்டுக்கே வந்து பிபி, சுகர் பார்க்கிறார்கள். பெண்ணுக்குப் பெண் பேசுவது எளிது. அவர்களிடம் இந்த விஷயத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள், எங்கே போக வேண்டும் என்று வழி காட்டுவார்கள். பெரிய சிகிச்சை தேவைப்பட்டால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. தகுதியுள்ள குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை. அட்டை வீட்டில் எங்கே இருக்கிறது என்று இன்றைக்கே தேடி எடுத்து வையுங்கள்.

போன் கையில் இருக்கிறது இல்லையா, அதையும் பயன்படுத்துவோம். நேரில் கேட்கக் கூச்சமாக இருந்தால் 104-க்குப் போன் செய்து ஆலோசனை கேட்கலாம். இ-சஞ்சீவனி செயலி மூலம் வீட்டிலிருந்தே மருத்துவரிடம் வீடியோவில் இலவசமாகப் பேசலாம். மனச்சோர்வு, வாழ்க்கையே வேண்டாம் என்கிற அளவுக்கு வெறுப்பு என்றால் 14416, எந்த நேரமும் பேசலாம். நேரில் பரிசோதிக்க வேண்டியதைப் போனில் முடித்துக்கொள்ளக் கூடாது. ரத்தம் பட்டால் நேரில்தான் போக வேண்டும்.

போவதற்கு முன் போனில் நோட்ஸ் பகுதியைத் திறந்து ஐந்து விஷயம் எழுதிக்கொள்ளுங்கள்: கடைசியாக மாதவிடாய் வந்த தேதி. கடந்த மூன்று மாதத்தில் எப்போது, எத்தனை நாள் வந்தது. எந்தத் தொந்தரவு, நாளைக்கு எத்தனை முறை. இப்போது சாப்பிடும் மாத்திரைகளின் பெயர், இல்லையென்றால் அட்டையைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் யாருக்காவது மார்பக, சினைப்பை, கருப்பைப் புற்றுநோய் வந்திருக்கிறதா. கூட்டமான ஓ.பி.யில் டாக்டர் முன்னால் உட்காரும்போது கிடைப்பது சில நிமிடம்தான். இந்தக் குறிப்பு இருந்தால் அந்தச் சில நிமிடமும் வீணாகாது.

வீட்டில் இருப்பவர்களுக்கு

பின்வரிசை அண்ணன்களே, இப்போது உங்களிடம். மனைவி ராத்திரி எழுந்து ஜன்னலைத் திறந்தால் "என்ன உனக்கு மட்டும் வேர்க்குது?" என்று கிண்டல் செய்யாதீர்கள். காலையில் அரை மணி நேரம் அதிகமாகத் தூங்கட்டும், ஒரு நாள் காபியை நீங்கள் போடுங்கள். மருத்துவமனைக்குக் கூடப் போங்கள். உள்ளே வர வேண்டாம் என்றால் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருங்கள், அதுவே பெரிய தைரியம்.

என் வயதுப் பிள்ளைகளுக்கும் ஒரு வேலை இருக்கிறது. நம் போனில் எல்லாவற்றுக்கும் ஆப் இருக்கிறது. அம்மாவுக்குக் கடைசியாக ஹீமோகுளோபின் எவ்வளவு இருந்தது என்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? அம்மாக்கள் தாங்களாக வந்து சொல்ல மாட்டார்கள். நாம்தான் கேட்க வேண்டும். "அம்மா, நின்னுபோன பிறகு எப்பவாவது ரத்தம் பட்டுச்சா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதற்குக் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருக்கும். பாட்டியிடமும் கேளுங்கள், அத்தையிடமும் கேளுங்கள். "ஆமா, போன மாசம் லேசா பட்டுச்சு, இந்த வயசுல அப்படித்தானே?" என்று பதில் வந்தால், அடுத்த வேலை நாளிலேயே கூட்டிக்கொண்டு போய்விடுங்கள்.